முதுகில வெள்ளைப் புள்ளி

ஆனி மாதம், செவ்வாய் இரவு. கொழும்பு, வெள்ளவத்தை.

காலமை பள்ளிக்கூடம் போகேக்க, ஸ்டேசனடிச் சென்றியில காவல் நிக்கிற ஆமிப் பெடியன் மறிச்சான். காத்து கரைக்கு அடிச்ச கடற்பறவைக் குஞ்சொண்டு அவன்ரை கையில. நான் விலங்கியல் ரீச்சர் எண்டு அவனுக்குத் தெரியும். என்ன பறவையெண்டு சிங்களத்தில கேட்டான்.

குஞ்சா இருக்கேக்க ஆலா, நோடி எண்ட ரெண்டு கடற்பறவையும் ஒரே கறுப்பு. முதுகைத் திருப்பிக் காட்டினன். வெள்ளைப் புள்ளி இருந்தால் ஆலா, இல்லாட்டி நோடி. இது ஆலா. அவன் புள்ளிகளை விரலால தடவிப் பாத்தான்.

"அப்ப முதுகைப் பாத்தால் போதும்," எண்டான்.

ஓம் எண்டன். என்ரை வகுப்பில ஒருத்தரும் இப்பிடிக் கவனிக்கிறேல்லை, இவன் கவனிக்கிறான் எண்டு சந்தோசம் வேற.

பின்னேரம் மகன் ரியூசனால பிந்தித்தான் வந்தான். சென்றியில அந்தப் பெடியன் மறிச்சு, சேட்டைக் கழட்டச் சொன்னவனாம். ஐடென்டிகாட் கேக்கேல்லையாம். முதுகில கொப்புளிப்பான் அம்மை விட்ட வெள்ளைத் தழும்புகளை ஒவ்வொண்டாத் தடவிப் பாத்தவனாம்.

"என்னவாம் சொன்னவன்?"

"இது எந்த வகையெண்டு நாளைக்கு உங்களிட்டைக் கேக்கிறானாம், அம்மா."

பிள்ளை இப்ப குப்புறப் படுத்து நித்திரை. ரெண்டுதரம் போர்வையால முதுகை மூடிப்போட்டன். வெக்கைக்குத் தள்ளித் தள்ளி விடுறான்.