நாடா உருவிய பைஜாமாக்கள்

கண்ணுக்கு,

கோபத்தில் கிழித்துப் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

செவ்வாய்க்கிழமை ஒரு அம்மா நான்கு பைஜாமாக்களோடு நம் தையல் கடைக்கு வந்தார். "நாடாவை உருவிட்டு எலாஸ்டிக் வச்சுக் குடுங்க. பையனை ஒரு மையத்துல சேர்க்கிறோம். பசங்க மேல இருக்கிற ஆசையை மாத்திடுவாங்களாம். நாடா வச்ச துணியை மட்டும் உள்ளே விட மாட்டாங்களாம்" என்றார்.

எந்த மையம் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நீ ஒரு பெண்ணை விரும்பியதற்காக, அதே மையத்துக்கு நானும் எலாஸ்டிக் வைத்து நான்கு தைத்துக் கொடுத்தேனே. குணமாக்கும் இடத்தில் நாடாவுக்கு என்ன பயம், யார் அதில் தூக்குப் போட்டுக்கொள்வார்கள் என்று அன்று கேட்கவில்லை. தையல் நேராக வந்ததா என்றுதான் பார்த்தேன்.

"அனுப்பாதீங்க" என்றேன். அவர் வேறு கடைக்குப் போய்விட்டார்.

நான் அரசு அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனேன். ஆனால் உனக்கு நடந்ததை, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நடந்ததாகத்தான் எழுதினேன். எழுத்தர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "அந்தப் பொண்ணை அங்கே சேர்த்தது யாருன்னு போடலையேம்மா?"

பக்கத்து வீட்டுப் பெண் என்பதை அடித்துவிட்டு, என் மகள் என்று எழுதினேன். சேர்த்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உன்னைச் சேர்த்த அன்று கையெழுத்துப் போட்டதும் இதே பெயரைத்தான்.

விசாரிக்க உன்னிடம் வருவார்கள். என்னைக் காப்பாற்றாதே.

எலாஸ்டிக் வைத்துத் தந்த
உன் அம்மா