அண்ணன் பூட்டி வெச்ச நம்பர்

ஆகஸ்ட் 9, 2004, திங்கள்

ஹார்பர் பக்கம் ஒரு கம்பெனிக்கு நெட்டுல வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். இன்னிக்கு மெயில் வந்துது. போன் நம்பர் இருக்கவேண்டிய இடத்துல வெறும் நட்சத்திரமா கீதாம். கூப்பிட முடியாம வேற ஆளை எடுத்துட்டாங்களாம்.

எல்லாம் அண்ணன் பண்ண வேலை. கம்ப்யூட்டருக்கு ஆன்ட்டி வைரஸ் சாஃப்ட்வேர் போட்டப்பவே, வூட்டு போன் நம்பர் நெட்டுல வெளிய போவாதபடி செட்டிங்ஸ்ல பூட்டிட்டான். நான் நம்பர் அடிச்சா, போற வழியிலயே அது நட்சத்திரமா மாத்திடுது. பாஸ்வேர்டும் அவன்கிட்டதான்.

"ஏன்டா இப்படிப் பண்ண?"ன்னு கேட்டேன்.

"பொம்பளப் புள்ள நம்பரு கண்டவன் கைக்குப் போவணுமா? உன் நல்லதுக்குத்தான் போட்டுகீறேன்."

அவன் பேசிகினு இருக்கும்போதே போன் அடிச்சுது. நான்தான் எடுத்தேன். யாரோ ஒரு ஆளு.

"கல்யாண சைட்டுல போட்டோ பாத்தோம்மா. பொண்ணு நேர்லயும் அதே கலர்தானா?"

பொண்ணுகிட்டயே கேக்குறான். என் போட்டோ, வயசு, இதே வூட்டு நம்பர், எல்லாத்தையும் அந்த சைட்டுல போட்டது அண்ணன்தான். இந்தப் பூட்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்து போட்டிருக்கான். என்னை ஒரு வார்த்தை கேக்கல. போனை வெச்சுட்டு அவனைப் பாத்தேன். டிவி சத்தத்தைக் கூட்டிகினான்.

நாளைக்கு ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் இருக்கிற பிரவுசிங் சென்டருக்குப் போறேன். பக்கத்துல உக்காந்திருக்கிறவன் எட்டிப் பாப்பான். பாத்துட்டுப் போவட்டும். அங்க நான் அடிக்கிற நம்பர் நம்பராவே போய்ச் சேரும்.