கதவுக்காரனுக்கு ஒருசந்தி

டிசம்பர் 15, திங்கள்

உறைபனி. புல் முழுக்க வெள்ளை. வெயில் ஏறும் வரை குழாயில் தண்ணீர் இல்லை. பன்றிக் கொட்டகையின் வடக்குப் பக்கம் சாக்குக் கட்டணும், காற்று நேரே உள்ளே போகிறது.

நான் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸில் சீசன் கூட்டம். கிச்சனில் மிச்சம் நிறைய: சப்பாத்தி, சாம்பார் சாதம், காரட் தலை, யாரோ தொடாமல் விட்ட முழு நான். எலும்பும் டிஷ்யூ பேப்பரும் பொறுக்கி எறிந்துவிட்டு வாளியில் கொண்டு வந்தேன். வேகவைத்து ஆற்றி ஊற்றினால் இரண்டு பன்றியும் தலை நிமிரவில்லை. நான் சமைத்ததை வீட்டில் இப்படி யாரும் சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் மைக்கேல் அண்ணன் வந்தார். பள்ளங்கிப் பக்கம் கிறிஸ்துமஸ் கறிக்கு அறுப்பவர் அவர்தான். கம்பிக்கு வெளியே நின்று பார்த்தார். பெரியதைக் காட்டி, "இது பதமா இருக்கு தங்கச்சி. இருபத்திநாலு வெள்ளனே வச்சுக்குவமா?" வச்சுக்குவோம் அண்ணே என்றேன். சின்னது தை மாதக் கல்யாணத்துக்கு, சகாயத்தின் அக்கா மகனுக்கு. சகாயம் என் வீட்டுக்காரர். இனி ச. என்றே எழுதுகிறேன், அவருக்கு அவ்வளவு மை போதும்.

அண்ணன் போன பிறகு காரணமில்லாமல் அரிசி டப்பாவைத் துடைத்தேன்.

டிசம்பர் 17, புதன்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

குட்டியாக வந்த அன்றே ச. சட்டம் போட்டார்: பேர் வைக்கக் கூடாது. "பேர் வச்சா முடிஞ்சுது சோலி. அப்புறம் கறி தொண்டையில எறங்காது." சரியென்று வைக்கவில்லை. கதவோரம் படுப்பதைக் கதவுக்காரன் என்றோம், மூலையில் படுப்பதை மூலைக்காரன் என்றோம். ஒரு அடையாளத்துக்கு. இன்று பார்த்தால் ச. கொட்டகைக்குள் நின்று, "ஏலே கதவுக்காரா, கால மிதிக்காதலே, வலிக்குல்ல" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார். பேர் வைக்காமலே பேர் வைத்தாயிற்று. சட்டம் போட்டவரே முதல் குற்றவாளி.

கதவுக்காரனைப் பற்றி எழுதி வைக்கணும். வேறு யார் எழுதப் போகிறார்கள்.

- கழிவெல்லாம் சரிவுப் பக்கம், ஒரே இடம். படுக்கிற இடத்தில் ஒரு நாளும் இல்லை. கெஸ்ட் ஹவுஸுக்கு வரும் சில குடும்பங்களைவிடச் சுத்தம்.
- கதவுக் கொண்டியை மூக்கால் தூக்கக் கற்றுக்கொண்டான். கயிறு கட்டினோம், அவிழ்த்தான். பூட்டுப் போட்டோம். பூட்டை முகர்ந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.
- மழைக்கு முன்னாலேயே வைக்கோலை வாயால் கவ்வி உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்வான். ச. டிவி பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம்.
- என் செருப்புச் சத்தம் தெரியும். ச. செருப்புக்குத் தலை தூக்குவதில்லை.
- வெயிலில் நிற்கும்போது காது ரோஸ் நிறம். உள்ளே நரம்பு ஓடுவது தெரியும். அழகு. வேறு வார்த்தை இல்லை.

பன்றியோடு சேர்ந்த கன்றும் மலம் தின்னும் என்று பழமொழி சொன்னவன் பன்றி வளர்த்தவன் இல்லை. எட்ட நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னவன்.

டிசம்பர் 19, வெள்ளி

மேகம் இறங்கி எதிர் வீடே தெரியவில்லை. முட்டி வலி. தைலம் தீர்ந்தது, வாங்கணும்.

போன வருஷத்துப் பன்றிகளை வியாபாரியிடம் கொடுத்தோம். காலைக் கட்டி, கம்பில் மாட்டி, லாரியில் ஏற்றினார்கள். வளைவு தாண்டும் வரை அலறல். அப்புறம் வளைவுக்குக் கீழேயிருந்தும் கேட்டது. கறியாவது பற்றி எனக்கு வருத்தமில்லை, வளர்ப்பதே அதற்குத்தான், நானும் தின்கிறவள்தான். அந்த அலறல்தான் போகவில்லை. என் கையில் தின்று வளர்ந்தது கடைசியில் பயந்து சாகக் கூடாது. இந்த வருஷம் நான் கேட்டது இது ஒன்றுதான். லாரி வேண்டாம். இங்கேயே. பயம் இல்லாமல்.

இதை மைக்கேல் அண்ணனிடம் போனில் சொன்னேன். "அது என் கையில மட்டும் இல்ல தங்கச்சி. அதுக்கு என்னையத் தெரியாதுல்ல. வளத்த கை பக்கத்துல இருந்தா பதறாது. நீங்க நிக்கணும்."

"நானா?"

"யாரு சோறு போட்டீங்களோ அவங்க."

போனை வைத்துவிட்டு ச. முகத்தைப் பார்த்தேன். கேட்கும் முன்பே, "இருபத்திநாலு எனக்குச் சவாரி கெடக்கு. மதுரை பார்ட்டி" என்றார். ஜீப் ஓட்டுகிறவர், சீசன் நேரம், இருக்கலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. பேச்சில் மட்டும் புலி.

அண்ணனிடம் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசைக்குப் போனோம். குடிலுக்கு இந்த வருஷம் நிஜப் பாசி. ஒட்டகத்துக்கு ஒரு கால் இல்லை, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

கோயில் வாசலில் கூறுக்குப் பேர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே பன்றி, சமமாகக் கூறு போட்டு ஆளுக்கொன்று, அதுதான் எங்கள் வழக்கம். காதில் விழுந்தவை: "எனக்குக் கொழுப்பு கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க." "ஈரல் போன தடவை யாரு வாங்குனா?" "மருமகன் வர்றாரு, எலும்பா தந்துறாதீங்க மதினி." கடைசியாகச் சொன்னது மேல்வீட்டு பிலோமினா. கதவுக்காரன் அங்கே காதை ஆட்டிக்கொண்டு நிற்கிறான், இங்கே ஈரலுக்குச் சண்டை. கோபம் வந்தது. போன வருஷம் வேறு வீட்டுப் பன்றிக்கு நானும் இதே வாசலில் தொடைக்கறி கேட்டவள்தான். கோபத்தை மடித்து வைத்தேன்.

பூசையில் தைரியம் கேட்கவில்லை. கை நடுங்கக் கூடாது என்று மட்டும் கேட்டேன். நடுங்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

டிசம்பர் 22, திங்கள்

மார்க்கெட். தைலம், மிளகு, மைதா, கேக்குக்கு முந்திரி. ஆயக்குடிக் கொய்யா வந்திருந்தது, கடை முழுக்க வாசனை. நல்லதாக ஒன்று பொறுக்கினேன். கடைக்காரர், "ஒண்ணே ஒண்ணா? யாருக்குக்கா?" விருந்தாளிக்கு என்றேன்.

வந்து கதவுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தேன். காதுக்குப் பின்னால் சொரிந்தால் கண்ணை மூடுகிறான், பாரத்தை முழுக்க என் காலில் சாய்க்கிறான். முட்டி மரத்துப் போயிற்று. எழுந்திருக்க மனசில்லை.

ஒத்திகை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். எனக்கே தெரிகிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

குளிர், காற்று. பின்மாலையில் தூறல்.

அறுப்புக்கு முந்தின நாள் தீனி கிடையாது, தண்ணீர் மட்டும். குடல் காலியாக இருந்தால்தான் கறி சுத்தம். மூலைக்காரனைப் பின்பக்கம் தனியாக அடைத்து அங்கே தீனி வைத்தேன். அவன் தின்கிற சத்தம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது. கதவுக்காரன் தொட்டியைக் கவிழ்த்தான். நிமிர்த்தி வைத்தேன். மறுபடி கவிழ்த்தான். அப்புறம் கவிழ்க்கவில்லை, என் கையை முகர்ந்துகொண்டே நின்றான். அது அதைவிட மோசம்.

ச. வாசலில் நின்று, "இன்னிக்கு கதவுக்காரனுக்கு ஒருசந்தி" என்று சிரித்தார். பெரிய வெள்ளிக்கு நாங்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கிறோமே, அந்த ஒருசந்தி. நானும் சிரித்தேன். நல்ல பகிடிதான். தட்டில் இட்லி வைத்தால் பாதிக்கு மேல் அவருக்கு இறங்கவில்லை. எனக்குத் தட்டே எடுக்கத் தோன்றவில்லை.

கெஸ்ட் ஹவுஸில் மத்தியானம் சமையல் மாஸ்டர் கேட்டார், "என்னக்கா, சாப்பிடலையா?"

"ஒருசந்தி."

"இன்னிக்கு என்ன நாளு? நாளைக்குத்தான கிறிஸ்துமஸ் விஜில்?"

வெங்காயம் எடுத்து வைத்தேன். பன்றிக்காக ஒருசந்தி இருக்கிறேன் என்றால் ஊருக்குள் ஒரு வருஷத்துக்குச் சிரிப்பார்கள். பங்குச் சாமியாரிடம் சொன்னால் அவர் சிரிக்காமல் இருப்பார், அது இன்னும் கஷ்டம்.

சாயங்காலம் அவன் பக்கத்தில் இருந்தபோது என் வயிறும் சத்தம் போட்டது, அவன் வயிறும் போட்டது. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. சாவைப் பங்கு போட முடியாது. பசியையாவது பங்கு போட்டேன்.

மைக்கேல் அண்ணனுக்குப் போன் செய்து நிற்கிறேன் என்றேன். "தெரியும் தங்கச்சி" என்றார்.

டிசம்பர் 24, புதன்

இன்றே எழுதணும். விட்டால் மாற்றி எழுதிவிடுவேன்.

கருக்கலில் மேகம். ச. மதுரை பார்ட்டிக்கு என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மைக்கேல் அண்ணன் துவைத்த சட்டையில் வந்தார். கத்தி, சம்மட்டி எல்லாம் சாக்கில் சுற்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார், கொட்டகையிலிருந்து தெரியாத இடம். கூட வந்த ஆட்களிடம், "கலியாண வீடு மாதிரி கத்தாதீங்கப்பா. வெந்நி கொதிக்குதான்னு மட்டும் பாருங்க." காபி கொடுத்தேன். தம்ளரோடு கொட்டகைக்குள் போய் நின்று மெதுவாகக் குடித்தார். கதவுக்காரன் வந்து அவர் வேட்டியை முகர்ந்தான், கையை முகர்ந்தான், சலித்துப்போய் விலகினான். அப்போதுதான் புரிந்தது. அவர் காபி குடிக்கவில்லை, பழகிக்கொண்டிருந்தார். எத்தனை பேருக்கு இந்தப் பொறுமை வரும். வெரசா முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம், போகவில்லை.

"வாங்க தங்கச்சி."

போனேன். செருப்புச் சத்தத்துக்கு ஓடி வந்தான். கொய்யாவைக் காட்டி, கொடுக்கலாமா என்று கேட்டேன். "ஒரு வாய்தான, குடுங்க. ஒண்ணும் ஆவாது." காதுக்குப் பின்னால் கை வைத்தேன். கை நடுங்கவில்லை. அவன் கடித்தான், கண்ணைப் பாதி மூடினான், வாசனை எனக்கும் வந்தது. "ஏலே, நல்லாருக்கா" என்று கேட்டேன். அண்ணன் பக்கவாட்டில் வந்தது எனக்கே தெரியவில்லை.

நெற்றியில் ஒரே அடி. முன்கால் மடங்கியது. அலறல் இல்லை. பக்கத்து வீட்டுக் கோழிகூட நிமிரவில்லை. கொய்யாவில் பாதி வாயிலேயே.

"போங்க, இனிமே என் சோலி" என்றார். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சத்தமாக அழுதேன். யாரும் வந்து தேற்றவில்லை, அதற்கும் அண்ணன்தான் காரணமாக இருக்கும்.

கூறு போடும் நேரத்துக்கு ச. வந்தார். மதுரை பார்ட்டி என்று யாரும் இல்லை, வளைவில் ஜீப்பை நிறுத்தி அதற்குள்ளேயே இருந்திருக்கிறார். கண் சிவப்பு. "தூசி" என்றார். மேகம் இறங்கின நாளில் தூசி. அப்புறம், "அங்கயே இருந்து காத வச்சுக் கேட்டேன் லூர்து. ஒண்ணும் கேக்கல" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டினது இதுதான்.

டிசம்பர் 25, வியாழன்

நடுச்சாமப் பூசை, தூக்கம், கேக் அடி பிடித்தது.

கறியை நான்தான் சமைத்தேன். மிளகு, மலைப்பூண்டு, கொஞ்சம் தேங்காய்ச் சில்லு. வேறு ஒன்றும் சேர்க்கவில்லை, மறைக்க மனமில்லை. முதல் வாய் எடுக்கத் தயக்கம். எடுத்தேன். நல்ல ருசி. நான் தின்ற பன்றிக்கறியில் இதுதான் நல்ல கறி, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவன் நன்றாக வாழ்ந்தான், கறியில் அது தெரிந்தது. கண்ணீரோடுதான் தின்றேன். ஒரு துண்டைக்கூட வீணாக்கவில்லை. ச. குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டார்.

மூலைக்காரன் காலையில் தீனியைத் தொடவில்லை. பக்கத்தில் போய் இருந்தேன். மத்தியானம் தின்றான்.

டிசம்பர் 27, சனி

மூடாக்கு. சாக்குக் கட்டியாயிற்று. கெஸ்ட் ஹவுஸில் புது வருஷக் கூட்டம், லீவு இல்லை.

பிலோமினா வந்தாள். கறி நன்றாக இருந்ததாம், மருமகன் இரண்டு தடவை கேட்டாராம். போகாமல் நின்றாள். என்ன என்றேன்.

"புது வருசத்துக்கு எங்க பன்னிய அறுக்கப் போறோம் மதினி. நான் நிக்க மாட்டேன், எனக்கு ஏலாது. அவரும் மாட்டேங்காரு. ஒங்க வீட்டுல சத்தமே இல்லன்னு ஊரெல்லாம் பேச்சு. நீங்க வந்து நிக்கிறீங்களா? மைக்கேல் அண்ணந்தான் ஒங்களக் கேக்கச் சொன்னாரு."

"அதுக்கு என்னையத் தெரியாதே."

"அதான், இன்னைக்கே வந்தேன்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு தடவைக்கே நெஞ்சு இப்படி இருக்கிறது. போய்ப் பழகி, என் சத்தத்துக்கு ஓடி வர வைத்து, அப்புறம். இதைத் தெரிந்தே செய்யணும். செய்யாவிட்டால் அது யாரும் இல்லாமல் அலறும், மேல்வீடு, இங்கே நன்றாகக் கேட்கும்.

அதுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். சௌசௌவாம். வேலைக்குப் போகும் முன் ஒன்று, வந்ததும் ஒன்று, நாளையிலிருந்து.