மணி இழுத்த கொடி

இன்று காலை ஸ்டுடியோவில் பழைய கண்ணாடித் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் நாய் மணி அகப்பட்டான். நான்கு காலையும் தரையில் ஊன்றி, பல்லில் துணியைக் கவ்வி முறைத்துக்கொண்டு நிற்கிறான். மறுமுனையில் உன் கை மட்டும்தான் படத்தில் விழுந்திருக்கிறது. நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

இந்தப் படம் எடுத்த காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கேட்டில் உனக்கு வேலை. நாயைப் படம் எடுத்துத் தரச் சொல்லி நச்சரித்தாய். துள்ளுகிற நாய் என் கேமராவில் வெறும் புகையாகத்தான் விழும். ஆனால் துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால், இரண்டு பலமும் சமமாகிற நொடியில் அது அசையாமல் நிற்கும் என்றேன். நீ கேட்டுக் கொட்டகைக்குள் போய், கிழிந்துபோய் ஒதுக்கி வைத்திருந்த சிவப்புக் கொடியை எடுத்து வந்தாய். தண்டவாளத்தின் பக்கத்தில் நிற்கிறோம் என்பது விளையாட்டு மும்முரத்தில் இருவருக்கும் மறந்தே போயிற்று.

படம் விழுந்தது. அடுத்த கணமே மணி கொடியைப் பிடுங்கி, தலையை உதறிக்கொண்டு தண்டவாளத்தில் ஏறினான். கிள்ளானுக்குப் போகிற ரயில் வளைவில் திரும்பியது. பிரேக் கிறீச்சிட்டது. நாயை இடிக்காமல் வண்டி நின்றது. இறங்கி வந்த டிரைவர், அவரும் நம்மவர்தான், நாயின் வாயைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். மணி கொடியோடு புதருக்குள் ஓடிவிட்டான். பிறகு எவ்வளவு தேடியும் கொடி கிடைக்கவில்லை. வண்டிக்குள் ஒரு பெண் விழுந்து நெற்றியில் பலத்த அடி. அதனால் விசாரணை வந்தது.

நம்மைத் தவிர கொடியைப் பார்த்தவர் டிரைவர் ஒருவர்தான்; சிவப்பைக் கண்டுதான் நிறுத்தினேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்தக் காலத் தகட்டில் சிவப்பு பதியாது; என் படத்தில் அது கறுப்பாக விழுந்திருந்தது. நிறைமாத மனைவியை வைத்துக்கொண்டு நீ வேலையையும் குவார்ட்டர்ஸையும் இழக்கப்போகிறாயே என்று எனக்குப் பதற்றம்.

"பழைய கைலித் துணின்னு சொல்லிடு லா. படமே சாட்சி சொல்லும்" என்றேன்.

நீ சொன்னாய்: "அப்படிச் சொன்னா, இல்லாத செவப்பப் பாத்து வண்டிய நிறுத்தினான்னு ஆயிடும். கண்ணு சரியில்லன்னு அந்த ஆள எறக்கிடுவாங்க."

மறுநாள் ரயில்வே துரையிடம் உண்மையைச் சொன்னாய். அந்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கிள்ளான் துறைமுகத்துக்குப் போய் மூட்டை தூக்கினாய். பிழைக்கத் தெரியாதவன் என்று உன்னை முகத்துக்கு நேரே திட்டினேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது.

உன்னை எரித்த அன்று சுடுகாட்டில் தலை நரைத்த ஒருவர் ஒதுங்கி நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தார்.

"நான் இன்னும் கிள்ளான் வண்டிதான் ஓட்டுறேங்க" என்றார்.

உன்மேல் உள்ள கோபம் இன்னும் போகவில்லை. அதை விட்டுவிட எனக்கு மனமும் இல்லை. ஆனால் ராத்திரி படுக்கையில் கிள்ளான் வண்டி ஊதுகிற சத்தம் கேட்டால், அவராக இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.