சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பியவள்

அன்புள்ள ஓடுகாலி அக்காவுக்கு,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எவ்வளவு கோபம் வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவாய். இந்த முறை வரவில்லை. அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் என் வீட்டில் ஒரு படம் பார்த்தோம். ஆஸ்டின் டவுனிலிருந்து உன் வீட்டுக்காரரும் உன் மகள் காவ்யாவும் வந்திருந்தார்கள். நகைச்சுவைப் படம் என்று போட்டிருந்தது. எங்கே சிரிக்க வேண்டும் என்று இசை சொல்லித்தராததால் மூவரும் வேறு வேறு இடங்களில் சிரித்தோம்.

படத்தில், ஆந்திர எல்லையில் ஒரு சின்ன ஊர். பதினேழு வயதுப் பெண். வீட்டில் சண்டை வந்தால் பஸ் ஏறிப் பக்கத்து மாநிலத்துக்கு ஓடிப்போய்விடுவாள். அவளைக் கூட்டிவரத் தம்பி ஒவ்வொரு முறையும் சைக்கிளில் போவான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருவரும் வீட்டில் இருப்பார்கள்.

யார் சொன்னது அக்கா உன் கதையை இந்தப் படக்காரர்களுக்கு? நான் சொல்லவில்லை. நீ சொல்லும் ஆளில்லை. எல்லையில் இருக்கும் ஊர்களிலெல்லாம் ஊருக்கொரு நீ உண்டு போலிருக்கிறது. இதில் ஆறுதல் அடைவதா, பொறாமைப்படுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மைசூர் டூருக்கு அப்பா அனுப்ப மாட்டேன் என்ற அன்று நீ முதல் முறை போனாய். கர்நாடக எல்லையில் நம் ஊர் அத்திபெலேயில் பஸ் ஏறினால் ஓசூர் எவ்வளவு தூரம்? தூங்கக்கூட முடியாது. மகள் வேற்று மாநிலத்துக்கு ஓடிவிட்டாள் என்று வீடே கலங்கியிருக்க வேண்டும். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அந்த ஓடுகாலி பஸ் ஸ்டாண்டுலதான் குந்திகினு இருப்பா. போய் இட்டுக்கினு வா. அப்டியே தக்காளி சல்லிசா கெடச்சா ரெண்டு கிலோ வாங்கிக்க" என்று என் கையில் பையைக் கொடுத்தாள்.

நீ சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டிருந்தாய்.

"வீட்டுக்கு வாக்கா."

"நான் இப்ப தமிழ்நாட்டுல இருக்கேன்டீ. அப்பா பேச்செல்லாம் செக்போஸ்ட் வரைக்கும்தான். அதுக்கு அந்தாண்ட செல்லாது."

"தக்காளி வாங்கணும்."

"நீ வாங்குவியா? அழுகலா பொறுக்கினு வருவே" என்று எழுந்தாய். அன்றைய கிளர்ச்சி அத்துடன் முடிந்தது.

படம் முடிந்ததும் போனில் மற்றவர்களின் கருத்துகளைப் படித்தேன். அதற்குப் பிறகுதான் உண்மையான குழப்பம். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, குடும்பத்தோடு பார்க்கலாம் என்கிறார். அடுத்தவர் ஒரு நட்சத்திரம் கொடுத்து, குடும்பத்தோடு பார்த்துத் தொலைத்தேன் என்கிறார். கடைசி வரை பெண் திருந்தவில்லை, சமூகத்துக்கு என்ன சொல்ல வருகிறார்கள் என்று ஒருவருக்கு வருத்தம். கடைசியில் திருந்திவிட்டாளே என்று இன்னொருவருக்கு ஏமாற்றம். இருவரும் பார்த்தது ஒரே படம். 'இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும் இது தேவையற்ற படம்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெளிவாக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

அதிகம் பேர் கேட்டிருந்த கேள்வி இது: வீட்டை விட்டு ஓடுகிறவள் சாப்பாட்டுக்குத் திரும்புவாளா, லாஜிக் வேண்டாமா? உன்னை அழைத்து வந்து சாட்சி சொல்ல வைக்க முடியவில்லை.

"சக்கத்தா இருக்கு சித்தி" என்றாள் காவ்யா. அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டால் அந்தக் கன்னட வார்த்தைதான் வரும். அப்புறம் கொஞ்சம் மெதுவாக, "எங்கம்மாவும் இந்த மாதிரி கொஞ்சம் இருந்திருக்கலாம்" என்றாள்.

"சே, உங்கம்மாவுக்கு நேரெதிர் இந்தப் பொண்ணு" என்றார் உன் வீட்டுக்காரர். "அவ மூணாவது தெருவுக்குப் போனாலே போன் பண்ணிச் சொல்ற ஆளு."

நான் ஆறிப்போன டீயைக் குடித்தேன். காவ்யாவுக்குப் பெயர் வைத்த அன்று, ஆஸ்டின் டவுன் வீட்டில் என் கையைப் பிடித்து, "ஓசூர் கதை எதுவும் இவ காதுல விழக் கூடாது, சத்தியம் பண்ணு" என்றாய். பண்ணினேன். ஏன் என்று கேட்கவில்லை. வெட்கமா அக்கா? இல்லை, மகளுக்கும் பஸ் தெரிந்துவிடும் என்ற பயமா?

இப்போது அவளுக்குப் பதினேழு. காலேஜில் மூன்று நாள் ஹம்பிக்குப் போகிறார்கள். மாமாவுக்கு முடிவெடுக்கத் தைரியமில்லை. "நீயே சொல்லும்மா. உங்கக்கா இருந்தா அனுப்பியிருப்பாளா?" என்று என்னிடம் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் நான் சொல்ல வேண்டும். எந்த அக்காவைக் கேட்பது? ஒருத்தி இந்நேரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்திருப்பாள். இன்னொருத்தி டிரைவருடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் அனுப்ப மாட்டேன் என்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில் ரசிகர்கள் ஒற்றுமையாக இருக்கிறார்கள். கடைசிக் காட்சி நீளமாம். அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள், தம்பியைக் காணோம், பஸ்கள் வந்து போகின்றன. வெட்டி எறிந்திருக்கலாம் என்கிறார்கள். நான் அந்த இடத்தில் பால் பொங்குகிறது என்று சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பாலே இல்லை.

நீ கடைசியாக ஓசூருக்கு ஓடிய அன்று அம்மா வழக்கம்போல் பையை நீட்டினாள். நான் கதைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எத்தினி வாட்டிதான் போறது? தானா வருவா" என்றேன். எனக்குப் பதின்மூன்று வயது. நல்ல கதை.

தானாகத்தான் வந்தாய், விளக்கு வைத்த பிறகு. யாரும் எதுவும் கேட்கவில்லை. நீயும் சொல்லாமல் சாப்பிட்டாய். அதற்குப் பிறகு நீ எங்கும் ஓடவில்லை. "பெரியவளுக்குப் பொறுப்பு வந்துட்ச்சு" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். படத்தில் தம்பி தாமதமாகவாவது வந்துவிடுகிறானாம். அன்று எத்தனை பஸ் பார்த்தாய் அக்கா? நீ திருந்தினாயா, இல்லை, கூப்பிட ஆள் வராத ஊருக்கு எதற்குப் போவது என்று விட்டுவிட்டாயா?

இதைத் தமிழில், ஒரு பத்திரிகைக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. உன் மகளுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டேன், சத்தியமும் கெடவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். நேற்று அவள் வந்து தோளுக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மா பத்தியா சித்தி? படிச்சுக் காட்டேன்."

"முடியட்டும்."

"பரவால்ல வுடு. அடக்கமானவ, பொறுமையானவன்னு போட்டிருப்பே. அவ்ளோதான இருக்கும்?"

அவ்வளவுதானா அக்கா?

மாமாவிடம், அக்கா அனுப்பியிருப்பாள் என்று சொல்லிவிட்டேன். பொய்யா என்று எனக்கே தெரியவில்லை. வரும் சனிக்கிழமை காவ்யாவை ஓசூருக்குக் கூட்டிப்போகிறேன். பஸ் ஸ்டாண்டில், உன் பெஞ்ச் இல்லாவிட்டால் வேறு ஏதாவது பெஞ்சில் உட்கார வைத்து, போண்டா வாங்கிக்கொடுத்து, இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக்காட்டப் போகிறேன். நீ சத்தியம் வாங்கியது கர்நாடகத்தில். செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட அது செல்லாது.

அவள் ஹம்பிக்குப் போகட்டும். கோபித்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். எத்தனையாவது முறையானாலும் தேடிக்கொண்டு நான் போவேன். 'தானா வருவா' என்று இனி இந்த வாயால் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
அன்று பையை வாங்கிக்கொள்ளாத உன் தங்கை