என் இடது கால் மேல் விழுந்த பழி

அன்பு மகள் நசீமாவுக்கு,

ப்லிதாவிலிருந்து உன் அப்பா எழுதுவது. படைத்தவன் கருணையால் நானும் உன் அம்மாவும் மூச்சும் பேச்சுமாக இருக்கிறோம், நீயும் மருமகன் லியாஸும் குட்டி இனாஸும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போன வெள்ளிக்கிழமை நான் ஏன் போனில் சரியாகப் பேசவில்லை என்று அம்மாவிடம் கேட்டாயாம். போனில் எனக்கு வார்த்தைகள் முன்பின்னாக வரும், எழுதினால் வரிசையாக வரும், அதனால்தான் எழுதுகிறேன். இதையும் மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

உன் ஊர்க் காரில் கிளட்ச் பெடல் கிடையாது, அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், வாத்தியார் புத்தி என்று பொறுத்துக்கொள். வண்டி நின்றாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும், அதோடு ஒரு கனமான இரும்புச் சக்கரமும் சுற்றும். அந்தச் சக்கரத்தின் முகத்தில் கிளட்ச் பிளேட் என்ற தட்டை வில் ஒன்று அழுத்திப் பிடித்திருக்கும், அந்தப் பிடிதான் எஞ்சின் பலத்தை கியர் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகிறது. பெடலை மிதித்தால் பிடி இறுகும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் மிதித்தால்தான் பிடி விடும். காலை மெல்ல எடுக்கும்போது தட்டும் சக்கரமும் கொஞ்ச நேரம் வழுக்கிக்கொண்டே ஒட்டும், அந்த நேரத்தில்தான் சூடு, தேய்மானம் எல்லாம். சமதரையில் அது ஒரு நொடி. ஏற்றத்தில், பழகாத காலில், அரை நிமிஷம்கூட ஆகும். ஓடும்போது பெடல் மேல் காலை வைத்தே இருந்தாலும் கெடுதல்தான், ஆனால் அப்போது முதலில் கெடுவது பெடலின் அழுத்தத்தை வாங்கும் பேரிங்.

வசந்தத்தில் நம் வண்டியின் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குக் குஸ்குஸ் தட்டைச் சுற்றி எல்லோரும் இருக்கும்போது உன் சித்தப்பா மொக்தார், “அண்ணன் நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்கு உராய்வு பாடம் எடுத்தாரு, இப்ப காலாலயும் எடுக்கிறாரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தருபவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் சோதித்துப் பார்க்கலாம் என்று, அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வழியில் என் இடது காலையே கவனிக்கும்படி அவளிடம் சொன்னேன். “போக வர நாப்பது நிமிஷமும் பார்த்துட்டேன், கியர் மாத்துற நேரம் தவிர தூங்குற பூனை மாதிரி தரையிலதான் கிடந்துச்சு” என்றாள். அதையும் நான் நம்பவில்லை நசீமா. என் காலைவிட என் தம்பியின் வாக்கை நம்பினேன். பிறகு நீ போன் செய்து, “கால் சொன்ன பேச்சு கேக்கலைன்னா ஒத்துக்கணும் பாபா, அதுல என்ன வெட்கம், சாவியைச் சித்தப்பாகிட்ட குடுத்துடுங்க” என்றாய். அன்றைக்கே கொடுத்தேன். அதற்கப்புறம் வாரம் மூன்று நாள் உன் அம்மா ஊசி குத்திய கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் மொக்தாருக்காகக் காத்து நின்றாள். ஒரு நாள் ஒன்றே கால் மணி நேரம்.

வண்டியைக் கிளட்ச் மாற்றப் பட்டறையில் விட்டிருந்தோம், போன திங்கட்கிழமை மெக்கானிக் ஹம்மூ ஆள் அனுப்பினான். என்னிடம் படித்தவன்தான். கழற்றிய பழைய சாமானை உடையவர் கண்ணால் பார்க்காமல் தூக்கிப்போடுவதில்லை என்பது அவன் பட்டறை வழக்கம். மேசையில் துணி விரித்து வைத்திருந்தான். “யாரு வாத்தியாரே உங்க கால் மேல பழி போட்டது? காலை வச்சு ஓட்டியிருந்தா முதல்ல அழுவுறது இந்த பேரிங். பாருங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி வாயே திறக்கல. பிளேட்டு பாருங்க, கருகிக் கண்ணாடியாப் போச்சு. மேட்டுல நிறுத்தி நிறுத்தி எடுத்த வண்டி இது” என்றான். நான் மேட்டுப் பக்கமே போவதில்லையே என்றேன். அவன் சிரித்துவிட்டான். “நீங்க போகல, ஊரே போகுது! என் பொண்ணு யாமினா மேட்டுல வண்டி எடுக்கக் கத்துக்கிட்டதே உங்க வண்டியிலதான். லைசன்ஸ் டெஸ்ட்டுல எஞ்சினியர் பாஸ் போட்ட அன்னிக்கு உங்க வீட்டுக்கு கேக் அனுப்பணும்னு நின்னா, உங்க தம்பிதான் வேணவே வேணாம்னுட்டாரு” என்றான். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியாது என்பது அவனுக்குப் புரிந்தது. அதற்கப்புறம் அவனும் சிரிக்கவில்லை.

குளிரில் தினமும் ஓடாமல் நின்றால் பேட்டரி செத்துவிடும் என்று சொல்லித்தான் மொக்தார் குளிர்காலம் முழுவதும் திங்களும் புதனும் மதியத்தில் வண்டியைக் கொண்டுபோனான். தம்பி சாவி கேட்டால் எதற்கு என்று கேட்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. நேராக அவன் டிரைவிங் பள்ளிக்குப் போனேன். வழியில் இரண்டு முறை திரும்பிவிடலாமா என்று நின்றேன், இருந்தாலும் போனேன். அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. “என் வண்டியில கிளட்ச் போனா ஸ்கூல மூடணும் அண்ணே, உங்க வண்டி மத்த நாள்ல சும்மாதானே நிக்குது. நான் ஒண்ணும் திருடல, நசீமாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன்” என்றான். பொய் என்றேன். போனை நீட்டினான். போன நவம்பரில் நீ எழுதியது. ‘கத்துக்குடுக்க எடுத்துக்கோங்க சித்தப்பா, பாபாகிட்ட மட்டும் சொல்லாதீங்க, கவலைப்பட்டு மூணு நாள் தூங்கமாட்டார்.’

அவன் செய்ததற்கு ஒரு காரணமாவது இருக்கிறது. என் கால் கெட்டுவிட்டது என்று நீ சொன்னபோது உனக்கு இது தெரியும். நீ இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லையோ என்றும் யோசிக்கிறேன், அப்படியே இருக்கட்டும் என்று விரும்புகிறேன், நான் தப்பாகக் கணக்குப் போட்டவனாக இருந்தால் சந்தோஷம்தான். ஆனால் ஆறு நாளாகப் போட்டுப் பார்க்கிறேன், வேறு விடை வரவில்லை. தூக்கம் போகும் என்று மறைத்தாய், மகளே. தூக்கத்தை நான் தாங்கியிருப்பேன்.

நான் கொடுத்த சாவி அவன் மேசை மேலேயே கிடந்தது, நானே எடுத்துக்கொண்டேன். புது பிளேட் போட்டாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை அம்மாவை நான்தான் கூட்டிப்போனேன். மொக்தார் செய்ததை வழியில் அவளிடம் சொன்னேன், உன் பேரைச் சொல்லவில்லை. அவள், “நல்லவேளை நசீமாவுக்கு இது தெரியாது, தெரிஞ்சிருந்தா சித்தப்பாவை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பா” என்றாள். நான் கியரை மாற்றிக்கொண்டு சாலையைப் பார்த்தேன்.

குழந்தைக்குக் காது மூடும் தொப்பி போடாமல் வெளியே அனுப்பாதே. அல்லாஹ் உன் வீட்டை நிறைவாக வைத்திருக்கட்டும், உனக்காக நான் கேட்கும் துஆவில் ஒரு வார்த்தையும் குறையாது. ஒன்றை மட்டும் மறக்காதே. வரும் வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது முதலில் அம்மாவிடம் கொடுக்கிறேன், அவளிடம் நீயே சொல். அதன் பிறகு நான் பேசுகிறேன்.

உன் அப்பா,
தாஹர்