வீட்டு அடுப்பில் சுட்டது

ஆல்டர் கவுண்டி, ஒஹையோ
மார்ச் மாதம், சனிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் டெஸ்ஸா எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, குட்டித் தங்கை ஜோசி, நான், மூவரும் நலம். வடக்கு டகோட்டாவில் குளிர் இன்னும் விடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். எண்ணெய்க் கிணற்று மேட்டில் காற்று முகத்தை அறுக்கும் என்று போன முறை சொன்னீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிட வேலைதானே என்று கையுறையைக் கழற்றாதீர்கள்.

தொலைபேசியில் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கேட்பதற்கெல்லாம் "ம்" சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஊரில் வேறு யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் வேலை பார்த்த ஆலைக்குப் போகிற சாலையைப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். கறுப்பாகப் பளபளவென்று இருக்கிறது. பொருளாதார மீட்புத் திட்டத்தில் போட்டதாகப் பெரிய பலகை வேறு. சாலை முடிகிற இடத்தில் பூட்டிய ஆலைக் கதவு. "போறதுக்கு வேலை இல்ல, போற வழி மட்டும் அம்சமா இருக்கு" என்று ரீட்டா அத்தை சொல்கிறார். உங்கள் அக்கா அல்லவா, உங்கள் வாய்தான்.

காலையில் நான் மாவு பிசையும்போது வெர்ன் டிகரின் வானொலிப் பேச்சைத்தான் வைக்கிறேன், நீங்கள் இருந்தபோது போலவே. போன வாரம் விலைவாசியைப் பிடித்துக்கொண்டார். "பால்ல தண்ணி ஊத்துறவனைப் புடிச்சு உள்ள போடுறோம். டாலர்ல தண்ணி ஊத்துறவனுக்கு மட்டும் ஓட்டுப் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்புறோம்" என்றார். நீங்கள் மேசையைத் தட்டியிருப்பீர்கள். உடனே ஒரு அம்மாள் கூப்பிட்டு, "ஏன் மிஸ்டர் டிகர், உங்கம்மா மாசாமாசம் அரசாங்க ஓய்வூதியம் வாங்குறாங்களே, அது எந்த மாட்டுப் பால்?" என்று கேட்டார். அவரோ அசரவில்லை. "அதை எங்கம்மாகிட்டயே கேளுங்க. நாப்பது வருஷம் கறந்து ஊத்துனது அவதான், இப்ப ஒரு டம்ளர் திருப்பிக் கேக்குறா" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் கேக்கும் முட்டை ரொட்டியும் சுட்டு விற்பது உங்களுக்குத் தெரியும். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கோவில் கூடத்தில் நடக்கும் மீன் விருந்தில் என் ஆப்பிள் கேக்குக்கு இரண்டு மேசை ஒதுக்கியிருந்தார் அத்தை. நான் சமையலறைக்குள்ளேயே இருந்துகொள்வேன், அத்தை வெளியே நின்று விற்பார். முதல் வெள்ளிக்கிழமை கவுண்டி சுகாதார அலுவலகத்திலிருந்து டோபின் என்று ஒரு இளைஞர் வந்தார். கவுண்டிக்குப் புதியவர். ஒரு துண்டு சாப்பிட்டார், இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பிறகு இது எங்கே சுட்டது என்று கேட்டார்.

நம் ஊரில் கடைக் கேக்கைக் கோவில் மேசையில் வைத்தால் அந்த வீட்டைப் பற்றி ஈஸ்டர் வரை பேசுவார்கள் அல்லவா? அதனால் அவர் சந்தேகப்படுகிறார் என்று அத்தை நினைத்துவிட்டார். "கடையில வாங்குனது ஒன்னுகூடக் கிடையாது தம்பி! எல்லாம் எங்க டெஸ்ஸா வீட்டு அடுப்புல சுட்டது. முட்டைகூட எங்க கோழி போட்டது, காலையில கூட்டுக்குள்ள கையை விட்டு எடுத்தது" என்று பெருமையாகச் சொன்னாராம். அவர் கேட்கக் கேட்க, ஒரே தொட்டிதான், அதிலேதான் எல்லாம் கழுவுவோம், பூனை சன்னலில் உட்கார்ந்து பார்க்கும் என்பதுவரை சொல்லியிருக்கிறார். அவரும் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். அவர் பாராட்டு எழுதுகிறார் என்று அத்தை நினைத்தாராம்.

புது வருடத்திலிருந்து கவுண்டியில் புது விதி. வெளியே விற்கும் எதையும் அனுமதி பெற்ற சமையலறையில்தான் சுட வேண்டும். மூன்று தொட்டி, கை கழுவத் தனித் தொட்டி, கழுவக்கூடிய சுவர். விண்ணப்பித்தால் ஆறு மாதம் ஆகலாம். டோபின் கெட்டவர் இல்லை, அப்பா. விற்கக் கூடாது என்ற நோட்டீசைக் கொடுக்கும்போது அவர் முகம் சிவந்திருந்தது. "நல்லாத்தான் இருக்குங்க, அதுல தப்பே இல்ல. விதிதான் இப்படி" என்றார். அன்று மீதிக் கேக்கை எல்லாம் வீட்டுக்கே எடுத்து வந்தோம்.

வெர்ன் டிகர் விடுவாரா? திங்கட்கிழமை முழுக்க என்னைப் பற்றியே பேசினார். பேர் சொல்லவில்லை, ஆனால் ஊரில் யாருக்குத் தெரியாது? பேச்சு நன்றாகத்தான் போனது. கடைசியில், "இந்தக் குடும்பம் அரசாங்கத்துக்கிட்ட ஒத்தக் காசுக்குக் கை நீட்டுனது கிடையாது. அந்தப் பொண்ணு கேக்குறது அடுப்பை மட்டும்தான்" என்றார். அம்மா அப்போதுதான் முதியோர் இல்லத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வானொலியை அணைத்தாள்.

ஏனென்றால், அப்பா, அது உண்மை இல்லை. நவம்பரிலிருந்து நம் வீட்டில் உணவு உதவி அட்டை இருக்கிறது.

அவசரப்பட்டுக் கோபப்படாமல் மேலே படியுங்கள். இலையுதிர் காலம் முழுக்க அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் வேலை இடத்திலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் நம்பினேன். ஒரு நாள் அங்கே ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து தூக்கும்போது அம்மாவே தலைசுற்றி விழுந்துவிட்டாள். கொண்டுவந்து விட்ட நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கம்மா அங்கே ஒரு நாளும் சாப்பிட்டதில்லை என்று சொன்னார். மறுநாள் காலை நானும் அம்மாவும் உதவி அலுவலகத்துக்குப் போய், எழுதிக் கொடுத்து அட்டையை வாங்கி வந்தோம். கை நீட்டக் கூடாது என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. பேருந்தில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

நீங்கள் சொன்னது தவறு என்று நான் நினைக்கவில்லை. இப்போதும் நீங்கள் நினைப்பதைத்தான் நினைக்கிறேன், முன்பைவிட உறுதியாக. ஆனால் ஒரு பொய்யின்மேல் நின்றுகொண்டு கவுண்டிக்காரர்களிடம் நியாயம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வியாழக்கிழமை கவுண்டி ஆணையர்களின் கூட்டம். யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். எனக்காகத் தான் பேசுவதாக வெர்ன் டிகர் சொல்லியிருந்தார். நானே பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அம்மாவிடம் கேட்டபோது, "உங்கப்பாவுக்கு முன்னாடி ஊருக்குத் தெரியணுமா?" என்றாள். காலையில் என் நீலச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் நான் ஊமையாக நிற்பேனே, அது வேண்டாம் என்றுதானே ஜோசியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டபோது மகிழ்ச்சியோடு பள்ளியை விட்டேன். அந்த நான் ஒலிவாங்கி முன்னால் நின்றேன். முதல் அரை நிமிடம் ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து ரீட்டா அத்தை, "மாவு பொங்குறதுக்கு நேரம் குடுங்கப்பா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் வாய் திறந்துகொண்டது.

நான் சொன்னது இவ்வளவுதான். "மிஸ்டர் டிகர் ரேடியோவுல சொன்னது சரியில்ல. நாங்க நவம்பர்லேருந்து உணவு அட்டையிலதான் சாப்பிடுறோம். அந்த அட்டை ஒரே காலையில கிடைச்சுது. கேக் விக்க அனுமதி கேட்டா ஆறு மாசம்ங்கிறீங்க. சும்மா குடுக்க அரசாங்கத்தால முடியுது, சம்பாதிக்க விட முடியல. ஒரு கையால சோறு போட்டுட்டு இன்னொரு கையால அடுப்பை அணைக்கிறீங்க. சோறு போடுற கையை நானே வேண்டாம்னு சொல்லிக்கிறேன். அடுப்பு மேல இருக்கிற கையை மட்டும் நீங்க எடுங்க."

யாரும் கை தட்டவில்லை. ஆணையர்களில் வயதானவர், பண்ணைக்காரர், என்னைக் கனிவாகத்தான் பார்த்தார். "அது சரிம்மா. நாளைக்கு ஒருத்தருக்கு வயிறு கெட்டா யார் பொறுப்பு?" என்று கேட்டார். அதற்கு நான் தயார் செய்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. "நான்தான். வாங்குறவங்களுக்கு எல்லாம் என் வீடு தெரியும். நேரா வந்து கதவைத் தட்டுவாங்க. அதுக்கப்புறம் இந்த ஊர்ல என்கிட்ட ஒரு துண்டு வாங்குவாங்களா? அந்தப் பயத்தை விடவா மூணு தொட்டி பெருசு?" என்றேன். அதற்குத்தான் கை தட்டினார்கள். டோபின்கூட மேசைக்குக் கீழே தட்டியதாக அத்தை சத்தியம் செய்கிறார்.

இரண்டுக்கு ஒன்று என்று முடிவானது. வயதானவர் எதிராகத்தான் வாக்களித்தார். வீட்டில் சுடும் ரொட்டி, கேக் வகைகளை, சுட்டவர் பெயரும் வீட்டு முகவரியும் ஒட்டி, அனுமதி இல்லாமலே விற்கலாம். கெட்டுப்போகிற கிரீம் வகைகள் கூடாது. அது நியாயம்தான். நேற்று மீன் விருந்தில் மேசையில் துண்டு மிஞ்சவில்லை. அந்த வயதான ஆணையர் இரண்டு முழுக் கேக் வாங்கி, ஒட்டியிருந்த என் முகவரியைச் சத்தமாக வாசித்துவிட்டுப் போனார். நான் வெளியே நின்றுதான் விற்றேன், அப்பா.

வெர்ன் டிகர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆரம்பமே இதுதான்: "ஒரு குடும்பத்தைப் பத்தித் தெரியாம பேசிட்டேன். அட்டை வாங்குறது வெக்கம் இல்ல. அட்டையைத் திருப்பிக் குடுக்கக் கிளம்புறவளை வழிமறிக்கிற சட்டம் இருக்கே, அதுதான் வெக்கம்." அடுத்த வெள்ளிக்கிழமைக்கு என் கேக்குகளை இப்போதே பலர் சொல்லி வைத்திருக்கிறார்கள். இந்த மாதத்தோடு அட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம். உங்களுக்குப் பயந்து இல்லை. எங்களால் முடியும் என்பதால்.

இதைப் படித்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எடுத்த எடுப்பில் அட்டையைப் பற்றி அம்மாவிடம் பேசாதீர்கள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று முதலில் கேளுங்கள். அவள் சொல்லும்வரை காத்திருங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் கடைசிக் கடிதத்தில் தொழிலாளர் குடியிருப்பின் அறை எண் இல்லை. தபால் பெட்டி எண் மட்டும் இருந்தது. அம்மா அந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் வேலை குறைந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அப்பா, இந்தக் குளிரில் நீங்கள் வண்டிக்குள் படுக்கிறீர்கள் என்றால் அதை எங்களிடம் சொல்லலாம். நாங்கள் ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டு இன்னும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறோம். வீட்டுக்கு வருவது கை நீட்டுவது ஆகாது. ஆண்டவர் உங்களைக் காப்பாராக, கூடிய சீக்கிரம் வீட்டுப் பக்கம் திருப்பிவிடுவாராக.

உங்கள் அன்பு மகள்,
டெஸ்ஸா